ஒலி வருகிறது, படம் இல்லை: ஆலங்கரைப் படிப்பகத் தொலைக்காட்சி குறித்து

அனுப்புநர்
நை. ஷாசியா (வயது 26),
த/பெ நைனா முகம்மது,
11, பள்ளிவாசல் தெற்குத் தெரு,
ஆலங்கரை பேரூராட்சி,
சிதம்பரம் வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.
(திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்)

பொருள்: ஆலங்கரை பேரூராட்சிப் படிப்பகத்தில் உள்ள 55 அங்குலத் தொலைக்காட்சியின் திரை இருண்டு கிடப்பது – அது நல்ல நிலையில் இயங்குவதாக நான் கையொப்பமிட்ட ஆய்வு அறிக்கை தவறானது – அதை ரத்து செய்து, தொலைக்காட்சியைத் திறந்து பழுதுபார்க்க எழுத்துபூர்வ அனுமதி கோருவது – தொடர்பாக.

பார்வை:
1. பேரூராட்சி அலுவலகத்துக்கு நான் அளித்த மனு, நாள் 10.02.2025.
2. பழுது ஆய்வு அறிக்கை, நாள் 18.02.2025.
3. பேரூராட்சி அலுவலகத்தின் பதில் கடிதம், நாள் 12.03.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவில் யார் மீதாவது குற்றம் சொல்லியாக வேண்டும் என்றால், முதலில் என் மீதுதான் சொல்ல வேண்டியிருக்கும். அதைத் தாங்கள் மூன்றாம் பக்கத்தில் தெரிந்துகொள்வதைவிட முதல் பக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் கீழே எழுதியுள்ளேன்.

1. நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். ஆலங்கரை படிப்பகம் என்பது பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருக்கும் ஓர் அறை. வார நாட்களில் நாளிதழ் படிப்பவர்கள் வருவார்கள். சனி, ஞாயிறுகளில் அறையைத் திறந்து மூடும் பொறுப்பைப் பேரூராட்சி அனுமதியுடன் இரண்டு ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். ஊதியமில்லாத பொறுப்பு. நானாகக் கேட்டு வாங்கியது.

2. அறையின் கிழக்குச் சுவரில் இருக்கும் எல்.இ.டி. தொலைக்காட்சி, சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை செய்யும் இவ்வூர்க்காரர்கள் சேர்ந்து 2016-இல் அன்பளிப்பாகக் கொடுத்தது. கிரிக்கெட் பார்ப்பதற்காகக் கொடுத்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொடுத்த வாரமே அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பின்பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் எண் எழுதிவிட்டார்கள். எழுதியவர் எண்ணை மூடியின் நடுவில் எழுதவில்லை. ஓரத்தில், மூடியும் சட்டமும் சேரும் இடத்தில், இரண்டு திருகாணிகளையும் சேர்த்து மூடி எழுதியிருக்கிறார். எண் சிதையாமல் அந்த மூடியைத் திறக்க முடியாது.

3. எங்கள் வட்டாரத்தில் காது கேளாத ஆறு பேர் குரூப் நான்கு தேர்வுக்குப் படிக்கிறார்கள். அரசுக் குறிப்புகளில் வேறு சொல் வரும். அவர்கள் தங்களைக் காது கேளாதவர்கள் என்றே சொல்லிக்கொள்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். பண்ருட்டியிலிருந்து மலர்க்கொடி, வடலூரிலிருந்து தமிழ்மணி, புவனகிரியிலிருந்து அறிவுமதி, கயல்விழி, ஆலங்கரையிலிருந்து ரஃபீக் மற்றும் நஜியா. நஜியா என் உடன்பிறந்த தமக்கை. வயது 32. சிதம்பரத்தில் ஒரு நகல் கடையில் தட்டச்சு செய்கிறார். சென்ற ஆண்டுத் தேர்வில் நான்கு வினாக்களில் வாய்ப்பைத் தவறவிட்டார்.

4. இவர்களுக்குப் பாடம் நடத்துபவர் சென்னையில் இருக்கும் திருமதி அமராவதி. அவரும் காது கேளாதவர். இதே தேர்வை எழுதி அரசுப் பணிக்குச் சென்றவர். சனி, ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை காணொளி அழைப்பில், சைகை மொழியில் வகுப்பு எடுக்கிறார். படிப்பகத் தொலைக்காட்சியில் அவர் தெரிவார். தொலைக்காட்சியின் தலையில் பொருத்திய சிறிய கேமராவில் ஆறு பேரும் அவருக்குத் தெரிவார்கள். சென்ற ஆகஸ்ட் முதல் இது தடையின்றி நடந்தது.

5. கைபேசியிலேயே பார்க்கலாமே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சைகை மொழியில் ஒரு விரல் மடங்குவதற்கும் நிமிர்வதற்கும் இடையில் வேறு சொல் வந்துவிடும். கைபேசித் திரையில் ஆசிரியரின் கை கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். அது மட்டுமல்ல. ஆறு பேரில் நால்வரின் வீட்டில் சைகை மொழி தெரிந்த இன்னொருவர் இல்லை. வாரத்தில் அவர்கள் வாய்விட்டு (இங்கே ‘கைவிட்டு’ என்றுதான் எழுத வேண்டும்) பேசுவது இந்த அறையில்தான். பத்து மணி வகுப்புக்கு ஒன்பதுக்கே வந்துவிடுவார்கள். மலர்க்கொடி முந்திரி உடைக்கும் கூடத்தில் வேலை செய்வதால் விரல்கள் கொட்டைப் பாலில் கறுத்திருக்கும். மற்றவர்கள் பேசுவது சாதா எழுத்து, மலர்க்கொடி பேசுவது மட்டும் தடித்த எழுத்து என்று ரஃபீக் கேலி செய்வார். உனக்குத் தலைப்பு மட்டும்தான் புரியும், அதனால் தடித்த எழுத்தில் சொல்கிறேன் என்று மலர்க்கொடி பதில் கொடுப்பார். இதையெல்லாம் கைபேசியில் அவரவர் வீட்டில் தனித்தனியாக உட்கார்ந்து செய்ய முடியாது.

6. இந்த ஜனவரியில் திரையின் இடப்பக்கம் இரண்டு வெள்ளை வட்டங்கள் தோன்றின. பிறகு படம் முழுவதும் நீலம் பாரித்தது. ஆசிரியருக்கு உடம்பு சரியில்லையோ என்று அறிவுமதி கேட்டார். பிப்ரவரி 8, சனிக்கிழமை, பத்தே கால் மணிக்குப் பாடத்தின் நடுவே திரை அணைந்தது. ஒலி அணையவில்லை. சென்னையில் ஆசிரியரின் வீட்டில் குக்கர் விசில் அடிப்பதும், தெருவில் யாரோ கோலமாவு விற்பதும் கேட்டன. அந்த அறையில் அவற்றைக் கேட்டது நான் ஒருத்திதான்.

7. தொலைக்காட்சியை அணைத்துப் போட்டால் மூன்று வினாடி படம் வரும். பிறகு இருண்டுவிடும். திரும்ப அணைத்துப் போட்டால் மீண்டும் மூன்று வினாடி. அன்றைய வகுப்பின் மீதியை அப்படித்தான் பார்த்தார்கள். மறுநாள் ரஃபீக் ஒரு வழி கண்டுபிடித்தார். கைபேசியின் டார்ச்சை இருண்ட திரையின் மேல் சாய்த்துப் பிடித்தால், வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் படம் மங்கலாகத் தெரிகிறது. படம் உள்ளே இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை.

8. அதிலிருந்து இன்று வரை வகுப்பு டார்ச் வெளிச்சத்தில் நடக்கிறது. ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் திரையில் எதுவும் தெரியாது. ஜன்னலைச் சாத்தினால் ஆசிரியருக்கு எங்களைத் தெரியாது. கேமராவில் ஒரு வெளிச்சம் மட்டுமே தெரிகிறது என்று அவர் சொன்னார். இரண்டாவது டார்ச்சையும் அடித்தால் கண்ணாடி பளபளத்துப் படமே மறைந்துவிடுகிறது. டார்ச்சை முறை வைத்துப் பிடிக்கிறோம்; பிடித்திருப்பவருக்குப் பேச ஒரு கைதான் மிஞ்சும். ஒரு கையால் பாதிப் பேச்சுதான் பேசலாம். அதனால் சந்தேகம் கேட்பதை ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள்.

9. தட்டு அகல வெளிச்சம் ஆசிரியரின் கைகள் மேல் இருந்தால் முகம் தெரியாது. சைகை மொழியில் ஒரு வாக்கியம் கேள்வி என்பதைப் புருவம் உயர்வதுதான் சொல்லும். பிப்ரவரி 23 அன்று ஆசிரியர் இந்திய அரசியலமைப்புப் பாடத்தில், மாநிலங்களவையைக் கலைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். கைகள் தெரிந்தன, புருவம் தெரியவில்லை. மாநிலங்களவையைக் கலைக்க முடியும் என்று ஆறு பேரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வார மாதிரித் தேர்வில் ஆறு பேரும் அதையே எழுதினார்கள். ஆறு பேரும் ஒரே தவறைச் செய்திருப்பதைப் பார்த்துத்தான் ஆசிரியருக்கு என்ன நடந்தது என்பது தெரிந்தது. வேறு எவையெல்லாம் இப்படிக் குறிப்பேட்டில் ஏறியுள்ளன என்பது யாருக்கும் தெரியாது. தேர்வு வரும் ஜூலையில்.

10. இனி என் பங்கு. பார்வை 1-இல் கண்ட என் மனுவின் பேரில், பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் ஆய்வுக்கு வந்தார். வார நாள் என்பதால் ஆறு பேரில் ஒருவரும் இல்லை. நான் அரை நாள் விடுப்பு எடுத்துச் சாவியுடன் சென்றேன். அவர் தொலைக்காட்சியைப் போட்டார். மூன்று வினாடி படம் வந்தது. ஒரு செய்தி அலைவரிசை. பிறகு திரை இருண்டது. வாசிப்பவரின் குரல் மட்டும் அறை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் கேட்டவை: “சவுண்டு வருதாம்மா?” வருகிறது என்றேன். “படம் வந்துச்சுல்ல, பாத்தீங்கல்ல?” வந்தது என்றேன். “அப்பொ செட்டு வொர்க்கிங்தான். இது கேபிள்காரன் பிரச்சனை, தானா செட்டாயிடும். இங்க ஒரு கையெழுத்து போடுங்க, நான் அடுத்து வடலூர் போவணும்.” படிவத்தில் “இயங்குகிறது”, “இயங்கவில்லை” என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் அவர் குறியிட்டிருந்தார். நான் கையொப்பமிட்டேன்.

11. ஏன் இட்டேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் அவசரப்படுத்தினார் என்பது உண்மை. எனக்குப் பிறரிடம் வாதிட வராது என்பதும் உண்மை. ஆனால் அவை இரண்டும் முழுக் காரணம் அல்ல. என் கேள்விகளுக்கு நானே கொடுத்த விடையைத் தங்களுக்கும் எழுதிவிடுகிறேன். அந்த அறையில் குரல் கேட்டுக்கொண்டிருந்ததால், தொலைக்காட்சி ஏதோ பாதியாவது நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அது யாருக்காக அங்கே இருக்கிறது என்பது அந்த ஒரு நிமிடம் எனக்கு நினைவில் இல்லை. காது கேளாத தமக்கையுடன் இருபத்தாறு ஆண்டுகள் ஒரே வீட்டில் வளர்ந்த எனக்கே நினைவில்லை என்றால், ஆய்வுக்கு வந்தவரை நான் எப்படிக் குறை சொல்வது?

12. பிறகு சிதம்பரத்தில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் திரு. நாசரை அழைத்து வந்து காட்டினேன். அவர் டார்ச்சை வைத்துப் பார்த்து ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார். “படம் உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கு தங்கச்சி. பின்னால இருக்கிற லைட்டு செத்துப்போச்சு. கல்யாண வூட்டு சீரியல் செட்டு மாதிரிதான், ஒரு பல்பு போனா வரிசையே போயிடும். பழைய செட்டு எல்லாத்துலயும் வர்ற கம்ப்ளைண்டு இது, வாரத்துக்கு நாலு பாக்குறேன்.” விளக்குப் பட்டைகளை மாற்றினால் போதும், அரை நாள் வேலை என்றார். ஒரு ஆபத்தையும் மறைக்காமல் சொன்னார். பட்டைகள் திரைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. கண்ணாடியை முழுதாகத் தூக்கி எடுத்த பிறகே அவற்றைத் தொட முடியும். இவ்வளவு பெரிய கண்ணாடி அப்பளம் மாதிரி; தூக்கும்போது சிறிது முறுக்கினாலும் போய்விடும், அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

தொலைக்காட்சியைத் திருப்பி மஞ்சள் எண்ணைப் பார்த்ததும் அவர் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டார். “நம்பரு போட்ட சாமான்ல நான் கைய வெச்சா நாளைக்கி பதில் சொல்றது யாரு? ஆபீஸ்ல ஒரு சீட்டு வாங்கியாந்துடு. அன்னைக்கே வந்து முடிச்சுத் தரேன்.” செலவை ஆறு பேரும் நானும் பகிர்ந்துகொள்கிறோம். பணம் கேட்டு இந்த மனு எழுதப்படவில்லை. அந்தச் சீட்டுக்காகத்தான்.

13. அந்தச் சீட்டைக் கேட்டு மார்ச் 10, திங்கட்கிழமை பேரூராட்சி அலுவலகம் சென்றேன். நஜியா அன்று கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உடன் வந்தார். செயல் அலுவலர் திரு. திருநாவுக்கரசு எங்களை உட்கார வைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். “சவுண்டாச்சும் வருதேம்மா, அவுங்க அதையாவது கேட்டுக்கிட்டு” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் முகம் வாடியது. அதன்பின் நஜியாவை நேரே பார்க்க முடியாமல், தேநீர் சொல்லவா என்று என்னிடம் கேட்டார். நாங்கள் இருவரும் நோன்பு என்று சொன்னேன். அதற்கும் சேர்த்து வருந்தினார்.

14. கோப்பைக் கொண்டு வந்தவர் உதவியாளர் திருமதி எழிலரசி. அவர் சொன்னதில் தவறில்லை. “கையெழுத்தும் நீயே போடுவ, மனுவும் நீயே குடுப்ப. நாங்க எதம்மா நம்பறது?” சொல்லிவிட்டு, ஆய்வு அறிக்கையை எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

நான் கையொப்பமிட்டதை நஜியாவிடம் அதுவரை சொல்லவில்லை. அலுவலகத்தில் ஏதோ காரணத்தால் தள்ளிப்போகிறது என்றே மூன்று வாரங்களாகச் சொல்லி வந்தேன். அவர் அந்தத் தாளைப் படித்தார். “இயங்குகிறது” என்ற கட்டத்தைப் பார்த்தார். கீழே பார்த்தார். என் கையொப்பம் அவருக்குத் தெரியாததல்ல, பள்ளிக்கூடத்தில் எனக்குக் கையொப்பமிடச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

15. வெளியே வந்ததும் அவர் எனக்கு நாலு அடி முன்னால் நடக்கத் தொடங்கினார். முன்னால் நடப்பவரைப் பின்னாலிருந்து கூப்பிட எங்கள் இருவருக்குள் வழியில்லை. ஓடிப்போய்த் தோளைத் தொடலாம். இரண்டு முறை தொட்டேன். இரண்டு முறையும் அவர் நின்று, என்னைப் பார்க்காமல், முந்தானையைச் சரி செய்துகொண்டு நடந்தார்.

நோன்பு திறக்கும் வேளையில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அவர் கையைத் தொட்டுத் தெரிவிப்பது சிறு வயது முதல் என் வேலை. மார்ச் 10 முதல் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தாமே பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொள்கிறார். இது தங்கள் அலுவலகம் தலையிடக்கூடிய விஷயம் அல்ல என்பதை அறிவேன். ஒரு பொருள் பழுதானால் நேர்ந்த சேதம் எவ்வளவு என்று மனுவில் குறிப்பிட வேண்டும் என்பதால் குறிப்பிட்டேன்.

16. மார்ச் 12 நாளிட்ட பதில் கடிதம் வந்தது. “மேற்படி தொலைக்காட்சி நல்ல இயங்கு நிலையில் உள்ளதாகப் பயனாளி சான்றளித்துள்ளதால், பழுது நீக்க அனுமதி கோரும் தங்கள் மனு பரிசீலனைக்கு உரியதல்ல.” நேரில் விசாரித்தபோது இன்னொரு வழி சொன்னார்கள். இயங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் கழிவுப் பட்டியலில் சேர்த்து ஏலத்துக்கு அனுப்பிவிடலாம், அடுத்த ஆண்டு நிதி வரும்போது புதியது பற்றிப் பார்க்கலாம். ஆக, இருக்கும் கட்டங்கள் இரண்டு. முதல் கட்டத்தில் இருந்தால் அதைத் திறக்கக் கூடாது. இரண்டாவது கட்டத்துக்குப் போனால் அது அறையிலேயே இருக்காது. ஒலி இருந்து படம் இல்லாத ஒரு பொருளுக்குப் படிவத்தில் இடம் இல்லை.

இதில் எவரும் கெட்ட எண்ணத்துடன் நடந்துகொண்டதாக நான் கருதவில்லை. ஒவ்வொருவரும் தம் முன்னால் இருந்த தாளுக்கு உண்மையாக நடந்திருக்கிறார்கள். அந்தத் தாளைப் பொய்யாக்கியவள் நான்.

17. மார்ச் 15, 16, 22, 23 ஆகிய நான்கு வகுப்புகளுக்கும் நஜியா வரவில்லை. வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறார். பக்கம் திரும்புவதில்லை. நேற்று முன்தினம், சனிக்கிழமை வகுப்பில், டார்ச் என் கையில் இருந்தது. ஆசிரியர் திடீரெனப் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். இந்த முறை வெளிச்சம் அவர் முகத்தின் மேல் இருந்ததால் புருவம் உயர்வது நன்றாகத் தெரிந்தது. ஆனால் என்ன கேட்கிறார் என்பது தெரியவில்லை. வெளிச்சத்தைக் கைகளுக்கு இறக்கினேன். நஜியாவின் பெயருக்கு உரிய சைகை. நஜியா எங்கே? அந்த வார மாதிரித் தேர்வில் ஐந்து விடைத்தாள்களே அவருக்கு வந்திருந்தன. ஐந்து பேரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு ஒரு கைதான் இருந்தது. டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் பதில் சொல்லியிருக்கலாம். வைத்தால் ஆசிரியர் மறைந்துவிடுவார். நான் டார்ச்சைப் பிடித்தபடியே நின்றேன். அவர் பாடத்தைத் தொடர்ந்தார்.

18. இந்த மனுவின் கையெழுத்துப் பிரதியை நேற்று மாலை நஜியாவின் மேசையில் வைத்தேன். மேலே 10 முதல் 17 வரையிலான பத்திகளில் உள்ளவற்றை அவரிடம் சொல்ல எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை. பார்க்காதவரிடம் எங்கள் மொழியில் பேச முடியாது. எழுதியதைப் படிக்காமல் இருக்க அவரால் முடியாது. இன்று காலை கடையில் இதைத் தட்டச்சு செய்தவர் அவரே. பிழைகளைத் திருத்தியிருக்கிறார். நான் எழுதியிருந்த “பரிதாபத்துக்குரிய நிலை” என்பதையும், “கருணை கூர்ந்து” என்று இரண்டு இடங்களில் வந்ததையும் நீக்கியிருக்கிறார். தம்மைப் பற்றிய பத்திகளில் எதையும் மாற்றவில்லை. கோரிக்கைகளின் கடைசி இரண்டும் அவர் சேர்த்தவை. எனக்குக் காட்டிவிட்டுச் சேர்க்கவில்லை; தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்தப் பத்தி மட்டும் அதன்பின் நான் கையால் எழுதிச் சேர்த்தது.

மேற்கண்ட நிலையில் நாங்கள் தங்களிடம் கோருவது:

(அ) 18.02.2025 நாளிட்ட ஆய்வு அறிக்கையில் நான் இட்ட கையொப்பம் தவறானது. அதை நான் திரும்பப் பெறுகிறேன். அறிக்கையை ரத்து செய்ய ஆணையிட வேண்டும். பொய்யான அறிக்கையில் கையொப்பமிட்டதற்கு என் மீது நடவடிக்கை உண்டென்றால் அதற்குக் கட்டுப்படுகிறேன். படிப்பகச் சாவியை வேறு ஒருவரிடம் ஒப்படைக்கச் சொன்னாலும் ஒப்படைக்கிறேன். வார இறுதி வகுப்பு நிற்காமல் இருந்தால் போதும்.

(ஆ) தொலைக்காட்சியின் பின்மூடியைத் திறந்து விளக்குப் பட்டைகளை மாற்றத் திரு. நாசர் அவர்களுக்கு எழுத்துபூர்வ அனுமதி வழங்க வேண்டும். திறக்கும் முன் மஞ்சள் எண்ணைப் படமெடுத்து வைத்து, வேலை முடிந்ததும் அதே எண்ணை அலுவலகப் பணியாளர் முன்னிலையில் மீண்டும் எழுதித் தருகிறோம். இம்முறை மூடியின் நடுவில்.

(இ) வேலையின்போது திரைக் கண்ணாடி உடைந்தால் அது விபத்தாகக் கருதப்பட வேண்டும். திரு. நாசர், செயல் அலுவலர், ஆய்வுக்கு வந்த பணியாளர் எவரையும் பொறுப்பாக்கக் கூடாது. உடைந்தால் இப்போது டார்ச்சில் தெரிவதும் தெரியாமல் போகும் என்பதை ஆறு பேரும் அறிந்தே ஒப்புக்கொண்டுள்ளனர். ஒப்புதல் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது.

(ஈ) நேரில் ஆய்வு செய்ய அலுவலர் எவரேனும் வருவதாக இருந்தால், சனி அல்லது ஞாயிறு காலை பத்து மணிக்கு, வகுப்பு நடக்கும்போது வர வேண்டும். வந்ததும் ஒலியை முழுவதுமாக நிறுத்திவிட்டு, அதன் பிறகு தொலைக்காட்சி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விசாரணையில் பேச எங்களுக்குத் தங்கை ஷாசியா வேண்டாம். அரசுப் பட்டியலில் உள்ள சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்து வர வேண்டும்.

(உ) பழுது நீக்கிய பின் வேலை நிறைவு அறிக்கையில் பயனாளி கையொப்பத்துக்கு உரிய இடத்தை எனக்கு, அதாவது நை. நஜியாவுக்கு, ஒதுக்க வேண்டும். இந்த மனுவில் நான் கையொப்பமிடவில்லை. படம் வந்ததைப் பார்த்த பிறகு அந்த அறிக்கையில் இடுகிறேன்.

தங்கள் ஆணை இந்த மாத இறுதிக்குள் கிடைத்தால் ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து ஜூலை வரை வகுப்புகள் முழுதாகக் கிடைக்கும் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இடம்: ஆலங்கரை
நாள்: 24.03.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) நை. ஷாசியா

உடன் கையொப்பமிடுவோர்:
1. (ஒப்பம்) மலர்க்கொடி, பண்ருட்டி
2. (ஒப்பம்) தமிழ்மணி, வடலூர்
3. (ஒப்பம்) அறிவுமதி, புவனகிரி
4. (ஒப்பம்) கயல்விழி, புவனகிரி
5. (ஒப்பம்) ரஃபீக், ஆலங்கரை
6. ........................ நை. நஜியா, ஆலங்கரை

இணைப்பு:
1. ஆய்வு அறிக்கை, 18.02.2025 – நகல்
2. பேரூராட்சிப் பதில் கடிதம், 12.03.2025 – நகல்
3. ஆறு பேரின் ஒப்புதல் கடிதம் (நஜியாவின் கையொப்பம் இதில் உள்ளது)
4. டார்ச் வெளிச்சத்தில் எடுத்த திரைப் படங்கள் – 2. ஒன்றில் ஆசிரியரின் முகம், மற்றொன்றில் அவர் கைகள். இரண்டும் ஒன்றாகத் தெரியும் படம் எடுக்க இயலவில்லை.